மக்கமாநகரின் நிழல் பிடித்த மருத்துவர்

கஅபத்துல்லாஹ்வின் படமும் மதீனத்துப் பச்சைக் குப்பாவின் படமும் மாட்டப்படாத முஸ்லிம் இல்லத்தை நம் ஊர்களில் காண்பது அரிது. வண்ணப் படங்கள் வருமுன்னர்ச் சுவரில் அவ்விடத்தைப் பெற்றிருந்தவை கறுப்பு வெள்ளைப் படங்களே. ஹஜ்ஜுக்குச் சென்றவர் கொணர்ந்ததைச் சட்டமிட்டு மாட்டி, வருவோர்க்கெல்லாம் காட்டி மகிழ்ந்தனர் நம் முன்னோர். இது இன்ன வாசல், இது இன்ன மினாரா என்று கேட்டறிந்தனர். எடுத்தவர் யார் என்று மட்டும் எவரும் கேட்டிலர். அக்கேள்வியை நாம் இன்று கேட்கப் புகுந்தால், பெயர் அழிக்கப்பட்ட மக்கத்து மருத்துவர் ஒருவரிடம் போய்ச் சேர்கின்றோம்.

அவருக்கு முன்னரே இத்துறையில் கால் வைத்தவர் எகிப்தியப் படையின் அதிகாரி முஹம்மது ஸாதிக் பே. பாரிஸில் பயின்று நில அளவையில் தேர்ந்தவர். 1861இல் வஜ்ஹ் துறைமுகத்திலிருந்து மதீனா முனவ்வரா வரையுள்ள பாதையை அளக்கச் சென்றவர், படக்கருவியையும் உடன் கொண்டு சென்று மஸ்ஜிதுன் நபவியின் தோற்றத்தைப் படமெடுத்தார். நாம் அறிந்தவரை அப்புனித நகரின் முதற் படங்கள் அவையே. அந்நாளில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது ஈரமாயிருக்கும்போதே படமெடுத்து, ஈரம் உலருமுன் கழுவியும் ஆகவேண்டும். இருட்டறையாக ஒரு கூடாரத்தையும் சுமந்தே திரியவேண்டும். ஹிஜாஸின் வெயிலில் மருந்துத் தகடு எத்துணை நேரம் ஈரமாய் நிற்கும் என்பதை எண்ணிப் பார்த்தால் அன்னாரின் உழைப்பு விளங்கும். 1880இல் எகிப்து மஹ்மலின் பொருளாளராக வந்தபோது மக்காவையும் படமெடுத்தார். 1881இல் வெனிஸ் நகரப் புவியியல் கண்காட்சியில் அவருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

எனினும் ஸாதிக் பே வந்து சென்றவரே. வந்து செல்பவர் கட்டடத்தைக் காண்பார். அதன் நிழலில் யார் எப்போது அமர்வர், எந்நேரத்தில் எத்தெருவில் ஒளி விழும் என்பதெல்லாம் அங்கேயே வாழ்பவருக்குத்தான் தெரியும். அத்தகைய ஒருவர் ஸய்யித் அப்துல் கஃப்பார் அவர்கள். மக்காவில் மருத்துவம் செய்து வந்த அவருக்குக் கைத்தொழில்களிலும் நாட்டமுண்டு. கடிகாரம் பழுது பார்ப்பார், துப்பாக்கி செப்பனிடுவார், நறுமண எண்ணெயும் வடிப்பார். புதுக் கருவியொன்று கைக்கு வந்தால் அதை விட்டுவைக்காத கூட்டத்தைச் சேர்ந்தவர் அவர் என்பது இதனால் தெளிவு.

அவரிடம் படக்கலை வந்த வழியைச் சொல்லவேண்டும். கிறிஸ்தியான் ஸ்னூக் ஹுர்க்ரோன்யெ என்னும் டச்சு அரபு மொழி அறிஞர் 1884 ஆகஸ்டில் ஜித்தா வந்திறங்கினார். இஸ்லாத்தைத் தழுவியதாக அறிவித்து 1885 பிப்ரவரியில் மக்காவுள் புகுந்தார். அவர் சூட்டிக்கொண்ட பெயரும் அப்துல் கஃப்பார் என்பதே! மருத்துவரோடு நட்புக் கொண்டு அவருக்குப் படமெடுக்கக் கற்பித்தார். ஆனால் வடஅரபுப் பகுதியிலுள்ள தைமாவின் பழங்கல்வெட்டைக் கவர வந்தவர் என்ற பழி பிரஞ்சு நாளிதழ் ஒன்றில் வெளியாகவே, அதே ஆண்டு ஆகஸ்டில் துருக்கி அதிகாரிகள் அவரை வெளியேற்றிவிட்டனர். பின்னாளில் இவர் கிழக்கிந்தியத் தீவுகளின் டச்சு அரசுக்கு ஆலோசகராகி, ஆச்சே முஸ்லிம்களுடன் நடந்த போரில் அவ்வரசுக்கு வழிகாட்டினார் என்பதையும் வாசகர் நினைவிற் கொள்க.

ஆசிரியர் போன பின்னும் மாணவர் நிறுத்தவில்லை. மக்காவின் மருத்துவர் தம் நகரைத் தொடர்ந்து படமெடுத்தார். தொழுகை அணிகள் சூழ்ந்த கஅபாவையும், குன்றுகளுக்கிடையே அடர்ந்து கிடக்கும் வீடுகளையும், மினாவின் கூடார வரிசைகளையும், அரஃபாத்தில் திரண்ட மக்கள் வெள்ளத்தையும் எடுத்தார். மக்காவின் ஷரீஃபாயிருந்த அவ்னுர் ரஃபீக்கும் தம் உருவம் எடுக்க இசைந்தார். அக்காலத் தகடுகள் நீலத்தை வெள்ளையாகவே பற்றுமாதலின் அப்படங்களில் வானம் மேகமின்றி வெறிச்சோடிக் கிடக்கும். அசைந்தவர் புகைபோல் மங்கியிருப்பர். தொழுகையில் அசையாது நின்றவர் தெளிவாய்த் தெரிவர். கறுத்த கிஸ்வாவும் வெண்ணிற இஹ்ராமும் நிறைந்த நகருக்குக் கறுப்பு வெள்ளைப் படம் ஒரு குறையாகவே தோன்றவில்லை.

எடுத்த படத்தின்மேல் அவர் அரபியில் தம் பெயரைப் பொறித்தார்: “ஃபுதூகிராஃபிய்யத்துஸ் ஸய்யித் அப்துல் கஃப்பார், தபீபு மக்கா.” மக்காவின் மருத்துவர் ஸய்யித் அப்துல் கஃப்பார் எடுத்த படம் என்பது பொருள். ஜித்தாவிலிருந்த டச்சுத் துணைத் தூதர் வழியாக இவை ஸ்னூக்கைச் சென்றடைந்தன. 1888இல் மக்காவைப் பற்றிய பட ஏடு ஒன்றையும், 1889இல் மக்காவிலிருந்து வந்த படங்கள் என மற்றொன்றையும் ஸ்னூக் வெளியிட்டார். மருத்துவரின் படங்கள் அவற்றில் அச்சேறின. அவருடைய கையொப்பமோ அச்சில் நீக்கப்பட்டது. தாம் படக்கலை கற்பித்த ஒரு மருத்துவர் எடுத்தவை என்று மட்டும் சொல்லப்பட்டது, பெயர் சொல்லப்படவில்லை. நூலின் முகப்பில் ஸ்னூக்கின் பெயர் இருந்தது. படித்தோர் படங்களும் அவருடையவை என்றே நெடுங்காலம் எண்ணிக்கொண்டனர்.

மருத்துவரின் பாதுகாப்புக் கருதியே பெயரை மறைத்திருக்கலாம் என்பாரும் உளர். தம் பெயரைத் தாமே துணிந்து பொறித்த ஒருவருக்கு அத்தகைய பாதுகாப்பு எதற்கு என்பது நமக்கு விளங்கவில்லை.

ஹிஜ்ரி ஆண்டைப் பார்த்தாலே ஓர் உண்மை வெளிப்படும். ஹிஜ்ரி 1301ஆம் ஆண்டின் ஹஜ் நடந்தபோது ஸ்னூக் ஜித்தாவில் இருந்தார். 1302ஆம் ஆண்டின் ஹஜ் 1885 செப்டம்பரில் வந்தது. அவரோ ஆகஸ்டிலேயே வெளியேற்றப்பட்டார். ஆக, அவர் ஒரு ஹஜ்ஜையேனும் கண்ணால் கண்டவரல்லர். அங்ஙனமாயின் ஹாஜிகள் நிறைந்த மினாவையும் அரஃபாத்தையும் அவர் எப்படி எடுத்திருக்க முடியும்? அறிவுலகம் இதைக் கணக்கிட்டுப் பார்க்க ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது. லைடன் பல்கலைக் கழகத்திலிருந்த மூலப்படங்களில் கையொப்பம் அழியாமல் இருந்ததால் உண்மை உறுதியாயிற்று.

உருவம் எடுத்தல் ஆகுமா என்ற வினா வாசகர் உள்ளத்தில் எழுவது இயல்பே. எகிப்தின் முஃப்தியாக விளங்கிய ஷெய்கு முஹம்மது பகீத் அல்முதீஈ இதைப்பற்றித் தனி நூலே எழுதினார். கையால் தீட்டுவது போன்றதன்று இது. அல்லாஹ் படைத்த பொருளின் நிழலைக் கருவியால் தடுத்து நிறுத்துவதே, ‘ஹப்ஸுள் ளில்’ என்பது அவர் வாதம். ‘நிழற்படம்’ என்று நம் தமிழ் சொல்வதும் அதையே என்பது இனிய ஒற்றுமை. தேவ்பந்த் உலமாக்களில் பலர் இதை ஏற்கவில்லை. முஃப்தி முஹம்மது ஷஃபீஉ அவர்கள் மறுத்தே எழுதினார்கள். அவ்விவாதத்தை ஈண்டு முடிப்பது நம் நோக்கமன்று. கட்டடத்தையும் தெருவையும் எடுப்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை என்பதை மட்டும் சொல்லி அப்பாற் செல்வோம்.

ஏனெனில் அக்கட்டடங்கள் இன்று இல்லை. மருத்துவரின் படத்தை உற்று நோக்கினால் மதாஃபின் ஓரங்களில் சிறு மண்டபங்கள் தெரியும். ஹனஃபீ, மாலிகீ, ஹன்பலீ இமாம்கள் தத்தம் ஜமாஅத்தை நடத்திய இடங்கள் அவை. ஸம்ஸம் கிணற்றுக் கட்டடத்தின் மேல்தளமே மகாமுஷ் ஷாஃபிஈ எனப்பட்டது. ஷாஃபிஈகளான நம் பாட்டனார்கள் ஹஜ்ஜிலிருந்து திரும்பி வந்து வருணித்தது இதைத்தான். மன்னர் அப்துல் அஸீஸின் ஆட்சியில் நான்கு ஜமாஅத்களும் ஒன்றாக்கப்பட்டன. 1955இல் தொடங்கிய விரிவுப் பணிகளில் மண்டபங்கள் அகற்றப்பட்டன. ஹரமைப் பார்த்தபடி குன்றின்மேல் நின்ற அஜ்யாத் கோட்டை 2002இல் இடிக்கப்பட்டு, குன்றே சமனாக்கப்பட்டது. பெருகிவரும் ஹாஜிகளுக்கு இடம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின் குன்று இருந்த இடத்தை இன்றைய பிள்ளைக்குக் காட்ட அந்தக் கண்ணாடித் தகட்டை விட்டால் வேறு எதைக் காட்டுவது?

நம் வீட்டுச் சுவர்களுக்கு வருவோம். டெல்லி சாந்தினி சௌக்கில் கடை வைத்திருந்த ஹெச்.ஏ. மிர்ஸா என்பார் 1907ஆம் ஆண்டளவில் இரு புனித நகர்களையும் ஹஜ் காட்சிகளையும் படமெடுத்து, படத்தொகுதியாகவும் அஞ்சலட்டையாகவும் விற்றார். எகிப்தின் இப்ராஹீம் ரிஃப்அத் பாஷா 1901 முதல் 1908 வரை மேற்கொண்ட நான்கு பயணங்களின் படங்களை ‘மிர்ஆத்துல் ஹரமைன்’ என்ற நூலில் 1925இல் வெளியிட்டார். இவர்கள் பெயர் இவர்களது படங்களோடு நிலைத்தது. ஸய்யித் அப்துல் கஃப்பாரின் பெயரும் இன்று திரும்பியிருக்கின்றது. பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள 1889ஆம் ஆண்டுப் பட ஏட்டின் படங்கள் இணையத்தில் ஏற்றப்பட்டபோது, எடுத்தவர் என்ற இடத்தில் மருத்துவரின் பெயரே எழுதப்பட்டது.