இடக்கைக் கட்டைவிரல்: எழுத்தாணி முதல் கேம் கன்ட்ரோலர் வரை

கெடிலக் கரையில் நடந்த எழுத்து வேலைக்கு நல்ல பழமையான தேதி ஒன்று நமக்குக் கிடைக்கிறது. சக ஆண்டு 380, அதாவது கி.பி. 458. 'லோகவிபாகம்' என்னும் சமண நூலைச் சர்வநந்தி என்னும் முனிவர் பாடலிகா என்ற ஊரில் எழுதினார் என்றும், அப்போது காஞ்சியில் சிம்மவர்மனுக்கு ஆட்சியாண்டு 22 என்றும் அந்நூலின் வடமொழி வடிவம் குறிப்பிடுகிறது. பாடலிகா என்பது இன்றைய கடலூரைச் சேர்ந்த திருப்பாதிரிப்புலியூரே என்று ஆய்வாளர் கொள்வர்.

அங்கிருந்து ஆற்றை எதிர்த்து மேற்கே போனால் பண்ணுருட்டியை ஒட்டித் திருவதிகை. பாதிரிப்புலியூர்ச் சமணப் பள்ளியில் தருமசேனராக இருந்த மருணீக்கியார், தமக்கை திலகவதியாரிடம் திரும்பி வந்து நாவுக்கரசர் ஆனது இவ்வூரில் என்பது பெரியபுராணச் செய்தி. அவர் பாடியவை எழுதப்பட்ட ஏடுகள் தில்லைக் கோயிலில் பூட்டிய அறைக்குள் கறையான் அரித்துக் கிடந்தன என்றும், எஞ்சியவையே மீட்கப்பட்டன என்றும் திருமுறைகண்ட புராணம் சொல்லும். பின்னர் 13ஆம் நூற்றாண்டில் இதே ஊரினரான மனவாசகங்கடந்தார் 'உண்மை விளக்கம்' இயற்றினார். அதில் கூத்தனுடைய திருமேனியே ஐந்து எழுத்துகளாகப் பகுக்கப்படுகிறது. நகரம் திருவடி, மகரம் உந்தி, சிகரம் தோள், வகரம் முகம், யகரம் முடி. எழுத்துக்கு உடல் உண்டு என்று இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன ஊர் வேறொன்று உண்டா என்று தெரியவில்லை.

ஆனால் எழுதுகிறவனுக்கும் ஓர் உடல் உண்டு. அதைப் பற்றி நம் இலக்கிய வரலாறுகள் பேசுவது குறைவு.

ஓலையில் எழுதும் முறையைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். ஓலை மேசைமேல் கிடப்பதில்லை. எழுதுகிறவன் அதை இடக்கையில் பிடித்திருப்பான். வலக்கையில் எழுத்தாணி, அதில் வாரெழுத்தாணி, குண்டெழுத்தாணி, மடக்கெழுத்தாணி எனப் பல வகை. இடக்கைக் கட்டைவிரல் நகத்தை வளர்த்து அதில் சிறு பள்ளம் ஒன்று செய்துகொள்வார்கள். எழுத்தாணியின் தண்டு அப்பள்ளத்தில் பொருந்தி நிற்கும். வலக்கை எழுத்தைச் சுழிக்க, இடக்கை ஓலையை இடப்புறமாக நகர்த்திக்கொண்டே போகும். நகர்வது பெரும்பாலும் ஆணியன்று, ஓலை! வரி நேராக வருவதும், எழுத்துக்கு எழுத்து இடைவெளி ஒத்து வருவதும் இடக்கையின் பொறுப்பு. எழுதி முடித்தபின் மை தடவித் துடைத்தால்தான் கீறல்கள் கண்ணுக்குப் புலப்படும். ஆக, எழுதும்போது எழுத்தைக் கண் பார்ப்பதைவிட விரல் உணர்வதே மிகுதி.

இரண்டு கைகளும் இரண்டு வெவ்வேறு வேலைகளை ஒரே கணத்தில் செய்ய, கட்டைவிரல் அவற்றுக்கிடையே அச்சாக நிற்கிறது. இதைத்தான் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

இக்கருவி எழுத்தின் வடிவத்தை எவ்வளவு ஆண்டது? நேர்கோடு ஓலையைக் கிழிக்கும், ஆகவே தென்னாட்டு எழுத்துகள் வட்டமாயின என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒடியாவுக்கும் பர்மியத்துக்கும் இது பொருந்தலாம். தமிழுக்கு முழுதும் பொருந்தவில்லை என்பதே என் எண்ணம். ப, ம, ட என்று நிமிர்ந்த கோடும் படுத்த கோடுமாக நம் எழுத்தில் பாதி நிற்கிறதே!

கருவியின் செல்வாக்கு தெளிவாகப் புலப்படும் இடம் வேறு. அது புள்ளி. மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு, எகர ஒகரக் குறில்களுக்கும் உண்டு என்பது தொல்காப்பியர் விதி. பூலாங்குறிச்சிக் கல்வெட்டில் புள்ளி இருக்கிறது. அப்புறம் அது மறைகிறது. சோழர் கல்வெட்டுகளில் மிக அரிது, ஏடுகளில் அதைவிட அரிது. ஆணியால் குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பது வழக்கமான விளக்கம். அதைவிட இரு கைகளின் தாளத்தைக் காரணமாகக் கொள்வது பொருத்தம் என்று தோன்றுகிறது. ஓலை நகர்ந்துகொண்டே இருக்கும்போது ஒவ்வொரு மெய்க்கும் ஆணியை எடுத்து, மேலே கொண்டுபோய்க் குத்தி, மீண்டும் நகப்பள்ளத்துக்குத் திரும்ப வேண்டும். ஆயிரம் பாட்டுப் படி எடுப்பவன் அதைச் செய்ய மாட்டான். கல் பொத்துப்போகாது. அப்படியிருந்தும் கல்லில் புள்ளி இல்லை. அரசாணை முதலில் ஓலையில் எழுந்து, பிறகுதான் கல்லேறியது. ஓலையின் பழக்கத்தைக் கல்லும் ஏற்றுக்கொண்டது போலும்.

எழுதுகிறவனுக்கு மிஞ்சிய நேரத்தின் விலையைப் படிக்கிறவன் கொடுத்தான். கொடு, கோடு இரண்டும் ஏட்டில் ஒரே கோலம். காலும் ரகரமும் ஒரே கோலம். பெறு என்பதா பேறு என்பதா என்று பொருள் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். உ.வே. சாமிநாதையர் போன்றோர் ஒரு சொல்லுக்காக நாள்கணக்கில் மயங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். எகர ஏகார வேறுபாட்டை வடிவத்திலேயே காட்டும் இன்றைய முறை வீரமாமுனிவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது.

சிதம்பரத்திலிருந்து கடற்கரையோடு தெற்கே சென்றால் தரங்கம்பாடி. 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து சீகன்பால்குவுக்குத் தமிழ் அச்செழுத்துகள் வந்து சேர்ந்தன. அவை அளவில் பெரியவை, காகிதத்தைத் தின்றன. இங்கேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிகளைச் சுற்றியிருந்த ஈயத் தகட்டை உருக்கி வார்த்தார்கள் என்பது அச்சு வரலாற்றில் நிலைத்துவிட்ட செய்தி. 1715இல் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது.

அச்சுக்கூடத்துக் கம்பாசிட்டரை நினைவிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எழுத்தடுக்கும் 'ஸ்டிக்' அவர் இடக்கையில் இருக்கும். வலக்கை பெட்டியிலிருந்து எழுத்தை எடுத்துப் போடும். கடைசியாகப் போட்ட எழுத்து சாய்ந்துவிடாமல் அழுத்திப் பிடித்திருப்பது எது? இடக்கைக் கட்டைவிரல்! நகத்தில் பள்ளம் இல்லை என்பதுதான் வேறுபாடு. இங்கும் கருவி வடிவத்தை நெருக்கியது. எழுத்து மிகுந்தால் பெட்டியில் அறையும் மிகும். 1935இல் பெரியார் 'குடிஅரசு' இதழில் சீர்திருத்த எழுத்தைப் புகுத்தியபோது அச்சுக்கோப்பின் சுமையும் அவர் கணக்கில் இருந்தது. துதிக்கை வைத்த ணை, லை, ளை, னை உள்ளிட்ட 13 எழுத்துகளை மாற்றித் தமிழக அரசு ஆணையிட்டது 1978இல்.

தட்டச்சுப்பொறியின் கதை இன்னும் சுவையானது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலேயாவில் பணியாற்றிய இரா. முத்தையா, 247 எழுத்துகளை ஒரு கைப்பிடிச் சாவிகளில் அடக்க வேண்டியிருந்தது. அழுத்தினால் வண்டி நகராத சாவிகளை அவர் பயன்படுத்தினார். புள்ளிச் சாவியைத் தட்டினால் புள்ளி விழும், தாள் நகராது. அடுத்துத் தட்டும் மெய் அதன் அடியில் வந்து அமரும். தொல்காப்பியர் மெய்க்குப் புள்ளி கொடுத்தார். பொறியோ புள்ளிக்கு மெய் கொடுத்தது. வடிவத்தைப் பொறி காப்பாற்றியது, எழுதும் வரிசையை மாற்றிக்கொண்டது. இதைத் தமிழ் எழுத்து வரலாற்றின் நேர்மையான உடன்படிக்கைகளுள் ஒன்றாகக் கருதுகிறேன். இங்கே படிக்கிறவன் எதையும் இழக்கவில்லை.

1999இல் அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் உயிர்கள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குத் தானே புள்ளி ஏறும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படியே. ஏடெழுதியவன் சோம்பலால் விட்ட புள்ளியைப் பொறி விதியால் வைக்கிறது.

இவையெல்லாம் எழுத்தை இடுவதற்கான கருவிகள். எழுத்தை வரைவதற்கான கருவியில்தான் இடக்கை வேலையிழந்தது. மவுஸைக் கண்டுபிடித்த டக்ளஸ் எங்கல்பர்ட் 1968 டிசம்பர் 9 அன்று சான்பிரான்சிஸ்கோவில் அதைச் செய்துகாட்டியபோது வலக்கையில் மவுஸ் இருந்தது. இடக்கையில் ஐந்து சாவிகள் கொண்ட சிறு பலகை ஒன்றும் இருந்தது. இரண்டும் சேர்ந்ததே அவர் கருவி. உலகம் மவுஸை எடுத்துக்கொண்டு மற்றதை மறந்துவிட்டது. 1986இல் ஃபான்டோகிராபர் போன்ற மென்பொருள்கள் வந்தபின் எழுத்துரு வரைவது என்றால் வளைகோட்டின் கைப்பிடிப் புள்ளியை மவுஸால் பற்றி இழுப்பது என்றாயிற்று. கு. கல்யாணசுந்தரத்தின் 'மயிலை', முத்து நெடுமாறனின் 'இணைமதி' போன்ற எழுத்துருக்கள் பிறந்தது இந்தக் கணினி யுகத்தில்தான். ஒரு ணகரத்தின் மூன்று சுழிகளையும் அப்படி இழுத்து ஒத்த அளவில் நிறுத்திப் பார்த்தவர்களுக்கு மணிக்கட்டின் வலி தெரியும்.

இந்த இடத்தில்தான் விளையாட்டுப் பிள்ளைகளின் கருவி உள்ளே வருகிறது. கேம் கன்ட்ரோலரின் சிலுவை வடிவப் பொத்தானை நின்டெண்டோவின் குன்பெய் யோகோய் 1982இல் அமைத்தார். அதை இயக்குவது இடக்கைக் கட்டைவிரல். 1997இல் சோனி நிறுவனம் இரு கட்டைவிரல்களுக்கும் ஒவ்வொரு குச்சி வைத்தது. குச்சியை மெல்லச் சாய்த்தால் மெல்ல நகரும், அழுந்தச் சாய்த்தால் விரையும். கணினிக்கு அது இரண்டு அச்சுகளின் எண்மதிப்பு மட்டுமே. அந்த எண்ணைக் கொண்டு விளையாட்டில் காரையும் ஓட்டலாம், எழுத்துருவில் ஒரு புள்ளியையும் நகர்த்தலாம். இடையில் சிறு நிரல் ஒன்று போதும். திருகு குமிழ்களும் பொத்தான்களும் வைத்துத் தாமே பலகை செய்துகொள்வதும் ஆர்டுயினோ போன்ற மலிவான மின்பலகைகளால் எளிதாகிவிட்டது. விரல்கள் முழுதும் இயங்காதவர்களுக்கென்றே மைக்ரோசாஃப்ட் 2018இல் ஒரு கன்ட்ரோலரை வெளியிட்டது. மவுஸ் பிடிக்க இயலாதவர் எழுத்து வரையலாகாது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

2016இல் அடோபி, ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் ஆகியவை சேர்ந்து மாறும் எழுத்துருக்களை அறிவித்தன. ஒரே கோப்புக்குள் தடிமன், அகலம் முதலியவை அச்சுகளாக இருக்கும். அச்சில் எங்கு நிற்கிறோமோ அதற்கேற்ப எழுத்து உருமாறும். குச்சியும் அச்சு, எழுத்துருவும் அச்சு என்றாகிவிட்டதால் இரண்டையும் பொருத்துவது இயல்பானது.

ஆனால் அந்த அச்சுகள் உரோமன் எழுத்தின் தேவையிலிருந்து வந்தவை. தடிமனை ஏற்றிக்கொண்டே போனால் ஆங்கில எழுத்து கறுத்து நிற்கும்; தமிழில் ண, ஞ, ஐ ஆகியவற்றின் சுழிகள் அடைபட்டுக் கறைகளாகும். இகரக் கொக்கி புள்ளியின் எல்லைக்குள் போகும். புள்ளியே தடித்து மெய்யின் தலையில் ஒட்டும். ஓலைக்கு ஆகாது என்று ஒருமுறை தொலைத்த புள்ளி அது. தமிழ் வரைபவருக்குத் தடிமனோடு சேர்த்துச் சுழியின் விட்டத்தையும் புள்ளியின் உயரத்தையும் தனி அச்சுகளாக வைத்துக்கொள்ள வழியுண்டு. மாறும் எழுத்துருவின் விதிமுறை வடிவமைப்பாளர் தாமே பெயரிடும் அச்சுகளை அனுமதிக்கிறது. அப்படிச் செய்தால் வலக்குச்சி கறுப்பை ஏற்றும்போது இடக்குச்சி சுழியைத் திறந்து பிடிக்கும். ஒன்றன் வேகத்துக்கு மற்றது ஈடுகொடுக்கும். மணிக்கட்டு அசைய வேண்டியதில்லை. இடக்கைக் கட்டைவிரல் நகர்ந்தால் போதும், முன்பு ஓலையை நகர்த்தியதுபோல.