தாலர்

தாலர் என்பது 16ஆம் நூற்றாண்டு முதல் ஜெர்மானிய நாடுகளில் புழங்கிய பெரிய வெள்ளி நாணயம். இதன் முன்னோடியை டிரோல் ஆட்சியாளர் சிகிஸ்முண்ட் 1486இல் ஹால் நகரில் வெளியிட்டார். அருகிலுள்ள ஷ்வாட்ஸ் சுரங்கங்களில் வெள்ளி ஏராளமாகக் கிடைத்தது. பொன் அரிதாக இருந்தது. எனவே குல்டன் என்ற பொன் நாணயத்துக்கு ஈடான வெள்ளியை, ஏறத்தாழ 32 கிராம் எடையில், ஒரே காசாக அச்சிட்டனர். 1500இல் சாக்சனியும் இம்முறையைப் பின்பற்றியது.

பொஹீமியாவின் யோவாக்கிம்ஸ்தாலில் ஷ்லிக் பிரபுக்கள் 1520 வாக்கில் இத்தகைய காசுகளைப் பெருமளவில் அச்சிட்டனர். ஒருபுறம் புனித யோவாக்கிமும் மறுபுறம் பொஹீமியச் சிங்கமும் பொறிக்கப்பட்டிருந்தன. அவ்வூர்ப் பெயரின் பிற்பகுதியே நாணயத்தின் பெயராக நிலைத்தது.

நூற்றுக்கணக்கான சிற்றரசுகளும் நகரங்களும் தனித்தனியே காசு அடித்ததால் பொது அளவு தேவைப்பட்டது. 1566இல் ஆக்ஸ்பர்க்கில் கூடிய புனித ரோமப் பேரரசு மன்றம் அதை வகுத்தது. அதன்படி ஒரு தாலரின் எடை சுமார் 29.2 கிராம், அதில் தூய வெள்ளி 26 கிராம். பிரவுன்ஷ்வைக் கோமகன் யூலியுஸ் 1574 முதல் பல தாலர் மதிப்புள்ள பெரிய காசுகளை வெளியிட்டார். குடிமக்கள் தத்தம் வசதிக்கேற்ப அவற்றை வாங்கிச் சேமிக்க வேண்டும் என்றும் ஆணையிட்டார்.

தாலரின் தரம் காக்கப்பட்டாலும் சில்லறைக் காசுகளின் தரம் சரிந்தது. சிறு காசு அடிக்கும் கூலி அதிகம் என்பதால், வெள்ளியைக் குறைத்தே நாணயச்சாலைகள் ஆதாயம் பார்த்தன. முப்பதாண்டுப் போர் மூண்டபின் இது முறைகேடாக முற்றியது. 1619 முதல் 1623 வரை, குத்தகைக்கு விடப்பட்ட நாணயச்சாலைகள் நல்ல காசுகளை வாங்கி உருக்கி, செம்பு கலந்து மட்டக் காசுகளாக வெளியிட்டன. 1566இல் 68 கிராய்ட்சராக (சில்லறைக் காசு) இருந்த தாலரின் விலை 1622இல் சில இடங்களில் 600ஐ எட்டியது. கூலியும் ஓய்வூதியமும் மட்டக் காசில் பெற்றவர்களே பெரிதும் நலிந்தனர். வரியும் அதே காசில் வந்து சேர்ந்ததால் ஆட்சியாளர்களும் நட்டப்பட்டனர். 1623இல் பழைய தரம் மீட்கப்பட்டது.

பின்னர் தர அளவுகள் மண்டலந்தோறும் பிரிந்தன. கொலோன் மார்க் என்ற எடையளவு ஒன்றுக்கு, அதாவது சுமார் 234 கிராம் தூய வெள்ளியிலிருந்து, பிரஷ்யா 1750 முதல் 14 தாலர் அடித்தது. ஆஸ்திரியாவும் பவேரியாவும் 1753 உடன்பாட்டின்படி 10 தாலர் அடித்தன. இந்த ஆஸ்திரிய வகையைச் சேர்ந்த மரியா தெரேசா தாலர், 1780 என்ற ஆண்டுப் பொறிப்புடனேயே தொடர்ந்து அச்சாகி, செங்கடல் வணிகத்தில் நெடுங்காலம் புழங்கியது.

1857 வியன்னா உடன்பாடு 500 கிராம் தூய வெள்ளிக்கு 30 தாலர் என்ற அளவை நிறுவியது. ஜெர்மனி ஒன்றுபட்டுப் பொன் மார்க் நாணயம் வந்தபின், தாலர் 3 மார்க் மதிப்பில் 1907 வரை செல்லுபடியானது.