விளம்பரம் வந்தது, விளையாட்டு வரவில்லை: பிரிட்டனின் தொடக்ககால வீட்டுக் கணினி விளையாட்டுகள் சில

1982 ஏப்ரலில் கிளைவ் சின்க்ளேரின் நிறுவனம் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியை அறிமுகப்படுத்தியது. 16 கிலோபைட் நினைவகம் கொண்டது 125 பவுண்டு, 48 கிலோபைட் கொண்டது 175 பவுண்டு. நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டிய இந்த விலையை நம்பி பிரிட்டனில் ஒரு புதுத் தொழிலே முளைத்தது. பள்ளி முடித்த கையோடு வீட்டில் உட்கார்ந்து விளையாட்டு எழுதிய இளைஞர்களும், அதைக் கேசட்டில் பதிந்து ஐந்தாறு பவுண்டுக்கு விற்ற சிறு நிறுவனங்களும் சேர்ந்து நடத்திய தொழில் அது. அதன் வெற்றிகளைப் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. வெளிவராமல் போனவற்றின் வரலாறு அந்தத் தொழிலின் கணக்குவழக்கை இன்னும் தெளிவாகக் காட்டும் என்பது என் கருத்து.

ஸ்பெக்ட்ரம் மென்பொருள்களைத் தொகுத்த வேர்ல்டு ஆஃப் ஸ்பெக்ட்ரம் ஆவணகம், கிடைக்காத விளையாட்டுகளை இரண்டாகப் பிரித்தது. கடையிலோ தபாலிலோ விற்கப்பட்டும் இன்று ஒரு பிரதிகூட அகப்படாதவை ஒருவகை. அறிவிக்கப்பட்டும் விற்பனைக்கே வராதவை மற்றொரு வகை. முதல் வகையைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். இரண்டாவது வகையில் தேடுவதற்கு ஏதாவது இருந்ததா என்பதே முதல் கேள்வி. ஆர்வலர்கள் பேச்சில் இரண்டும் கலந்துவிடுவதால்தான் கட்டுக்கதைகள் பெருகுகின்றன.

இரண்டாவது வகை பெருகியதற்குக் காரணம் பத்திரிகைகள். அன்றைய கணினி இதழ்களில் பல மாதம் ஒருமுறை வந்தன. அவற்றில் விளம்பரம் வரவேண்டுமானால் பல வாரங்களுக்கு முன்பே பக்கம் பிடித்து, படம் வரைந்து அனுப்ப வேண்டும். விற்பனையின் உச்சம் கிறிஸ்துமஸ். எனவே விளையாட்டு பாதி எழுதப்பட்டிருக்கும்போதே, சிலசமயம் தலைப்பு மட்டும் இருக்கும்போதே, விளம்பரம் அச்சுக்குப் போய்விடும். பிள்ளை பிறக்கும் முன்பே பெயர் வைத்துப் பத்திரிகை அடித்த கதைதான். விளையாட்டுக்குள்ளேயே அறிவித்ததும் உண்டு: அல்டிமேட் நிறுவனத்தின் 'அண்டர்வோர்ல்டு' (1984) விளையாட்டில் வெளியேறும் வழிகள் மூன்று. ஒவ்வொன்றும் அடுத்து வரவிருக்கும் ஒரு விளையாட்டைச் சுட்டியது. 'நைட் லோர்' அதே ஆண்டு வந்தது, 'பென்டகிராம்' 1986இல் வந்தது. 'மயர் மேர்' வரவேயில்லை. 'மேனிக் மைனர்' எழுதிப் புகழ்பெற்ற மேத்யூ ஸ்மித்தின் பெயரில் செவ்வாய்க் கோளிலிருந்து வரும் சதைதின்னிக் கோழிகளைப் பற்றிய விளையாட்டு ஒன்று விளம்பரமானது. அதுவும் விளம்பரத்தோடு சரி.

இவற்றுக்கெல்லாம் தலைமை வழக்கு லிவர்பூலின் இமேஜின் சாஃப்ட்வேர். பக்-பைட் என்ற விளையாட்டு நிறுவனத்திலிருந்து விலகிய மார்க் பட்லரும் டேவிட் லாசனும் 1982இல் தொடங்கியது இது. முதல் விளையாட்டான 'ஆர்கேடியா' நன்றாக ஓடியது. கணினிக் கடை நடத்தி அனுபவம் பெற்ற புரூஸ் எவரிஸ் விளம்பரத்தைக் கவனித்தார். இயான் ஹெதரிங்டன் நிதியைக் கவனித்தார். பதின்வயதைத் தாண்டாத நிரலாளர் யூஜின் எவன்ஸின் சம்பளத்தையும் காரையும் பற்றிச் செய்தித்தாள்கள் வியந்து எழுதின. அந்தச் செய்திகளில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஊதல் என்பது வேறு விஷயம். நிறுவனம் விற்றுக்கொண்டிருந்த சரக்குகளில் இந்தப் பேச்சும் ஒன்று.

1983 முடிவதற்குள் இரண்டு நெருக்கடிகள் தெரிந்தன. இரட்டை கேசட் பிளேயர் வைத்திருந்த எந்த மாணவனும் விளையாட்டை நகலெடுத்துவிட முடிந்தது. போட்டியாளர்களும் பெருகி, விலை கீழே இறங்கியது. இமேஜின் கண்டுபிடித்த பரிகாரம் 'மெகாகேம்'. ஸ்பெக்ட்ரமுக்கு 'பாண்டர்ஸ்னாட்ச்', கமடோர் 64 கணினிக்கு 'சைக்ளாப்ஸ்' என இரண்டு. கேசட்டோடு கணினியின் பின்புறம் செருகும் ஒரு மின்னணுப் பெட்டியும் வரும். அது நினைவகத்தைக் கூட்டும், அந்தப் பெட்டி இல்லாமல் நகல் ஓடாது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் யோசனையில் தவறில்லை. விலைதான் இடித்தது. சாதாரண இமேஜின் கேசட் 5.50 பவுண்டு, மெகாகேம் சுமார் 40 பவுண்டு. 175 பவுண்டு கணினியை வாங்கவே பெற்றோரைக் கெஞ்சிய பிள்ளையிடம் அந்த விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரே விளையாட்டுக்குக் கேட்டார்கள்.

1984 தொடக்கத்தில் வெளியான விளம்பரத்தைக் கவனித்துப் பார்க்க வேண்டும். ஜான் கிப்சன், இயான் வெதர்பர்ன், மைக் குளோவர், யூஜின் எவன்ஸ் ஆகிய நான்கு நிரலாளர்களின் முகங்கள்தான் அதில் இருந்தன. விளையாட்டின் திரைக்காட்சி ஒன்றுகூட இல்லை. காட்டுவதற்கு இருந்திருந்தால் காட்டாமல் விட்டிருப்பார்களா?

இதே நேரத்தில் பிபிசி 'கமர்ஷியல் பிரேக்ஸ்' தொடருக்காக இமேஜினையும் மான்செஸ்டரின் ஓஷன் நிறுவனத்தையும் படமெடுத்துக்கொண்டிருந்தது. வளரும் தொழிலைக் காட்ட வந்த கேமரா ஜப்தியைப் பதிவுசெய்து திரும்பியது. மார்ஷல் கேவண்டிஷ் பதிப்பகத்துடன் இமேஜின் செய்திருந்த ஒப்பந்தம் அதற்குள் முறிந்திருந்தது, கடன் கழுத்தை நெரித்தது. 1984 ஜூலை 9 அன்று லண்டன் உயர்நீதிமன்றம் நிறுவனத்தைக் கலைக்க உத்தரவிட்டது. கழுத்தில் விழுந்த கடைசிக் கயிறு ஒரு விளம்பரப் பாக்கி. 'பர்சனல் கம்ப்யூட்டர் கேம்ஸ்' இதழில் போட்ட விளம்பரத்துக்காக, அதை வெளியிட்ட விஎன்யு நிறுவனத்துக்குத் தரவேண்டிய 10,000 பவுண்டைப் புரட்ட முடியவில்லை. முன்கூட்டி விளம்பரம் செய்யும் பழக்கம் வெளிவராத விளையாட்டுகளை உருவாக்கியது என்றேன். இங்கே அதுவே நிறுவனத்தையும் முடித்தது.

நிரல்கள் என்னவாயின? லாசனும் ஹெதரிங்டனும் ஃபின்ச்ஸ்பீட் என்ற புது நிறுவனத்தின் வழியே பாண்டர்ஸ்னாட்சை சின்க்ளேரின் கியூஎல் கணினிக்குக் கொண்டுபோக முயன்றார்கள், அதுவும் வெளிவரவில்லை. ஆனால் கியூஎல்லின் இதயம் மோட்டரோலா 68008 செயலி. மெக்கின்டாஷ், அட்டாரி எஸ்டி, அமிகா ஆகியவற்றில் இருந்த 68000 அதே குடும்பம். ஸ்பெக்ட்ரமின் இசட்80 செயலியிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு மாறியதுமே யோசனைக்கு மறுவாழ்வு கிடைத்தது. இருவரும் தொடங்கிய சிக்னோசிஸ் நிறுவனத்தின் முதல் விளையாட்டான 'பிரட்டாகஸ்' பாண்டர்ஸ்னாட்சின் வாரிசு. பாத்திரங்கள் சித்திரக்கதைபோல் பேச்சுக்குமிழில் உரையாடிக்கொள்ளும் புதுமை அதில் உண்டு. கட்டுப்படுத்துவது கடினம் என்ற குறையும் உண்டு. சிக்னோசிஸை 1993இல் சோனி வாங்கியது. இமேஜினின் பெயரை வாங்கியது ஓஷன். ஊழியர்களில் சிலர் டென்டன் டிசைன்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2018இல் நெட்ஃபிளிக்ஸ் 'பாண்டர்ஸ்னாட்ச்' என்ற பெயரில் படமே எடுத்தது.

இத்தனை தடயங்களை விட்டுச்சென்ற ஒன்றைத் தொலைந்தது என்று வகைப்படுத்தக்கூடாது. பாண்டர்ஸ்னாட்ச் முடிக்கப்படாத ஒரு வேலை. சைக்ளாப்ஸ் பெரும்பாலும் காகிதத்திலேயே நின்ற யோசனை. ஃபிராங்க் காஸ்கிங் வெளிவராத விளையாட்டுகளுக்கென்றே ஒரு ஆவணகம் நடத்தி, 2020இல் நூலும் வெளியிட்டார். நிரலாளர்களிடமே நேரடியாகக் கேட்டு, எது எதுவரை எழுதப்பட்டது என்று பதிவுசெய்யும் அவரது வழிதான் இந்த வகைக்கு ஏற்றது.

உண்மையான இழப்பு, விற்கப்பட்டும் இன்று கிடைக்காத முதல் வகையில்தான். ஸ்பெக்ட்ரம் கேசட்டில் நொடிக்குச் சுமார் 1,500 பிட் வேகத்தில் தரவு கீச்சொலியாகப் பதிந்திருக்கும். 48 கிலோபைட் ஏற ஐந்து நிமிடம் பிடிக்கும். ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் 17 பைட் தலைப்பு, அதில் பத்து எழுத்துக்குள் விளையாட்டின் பெயர். இறுதியில் சரிபார்ப்புக்கு ஒரே ஒரு பைட். நாடாவின் காந்தப்பூச்சு ஓரிடத்தில் உதிர்ந்து ஒரு பிட் மாறினாலும் போதும், 'டேப் லோடிங் எர்ரர்' என்று திரை கைவிரித்துவிடும். பிழை இருக்கிறது என்று மட்டும் அந்த ஒற்றைப் பைட் சொல்லும், அதைத் திருத்த உதவாது. சில நூறு பிரதிகள் மட்டுமே தபாலில் விற்ற சிறு நிறுவனத்தின் விளையாட்டு இப்படிப் போனால் முழுப்பக்க விளம்பரமும் மிஞ்சாது, படமெடுக்க பிபிசியும் வந்திருக்காது. இதழ்களின் கடைசிப் பக்கத்து வரி விளம்பரங்களில் மட்டும் பெயர் காணப்படும் அந்தக் கேசட்டுகளைத் தேடுவதற்கே ஆய்வாளர்கள் முதலில் நேரம் ஒதுக்க வேண்டும். பாண்டர்ஸ்னாட்சைப் பற்றித் தெரிய வேண்டியது ஏறக்குறைய தெரிந்தாயிற்று.