மரண சாசனமும் மாகேசுவரர் காவலும்

திருவொற்றியூர்த் திருக்கோயிலிற் பல்லவர் சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள் பல உள. அவற்றுட் பல, நுந்தா விளக்கிற்கு ஆடு அளித்த செய்தியைக் கூறுவன. ஒரு விளக்கு இரவும் பகலும் எரிதற்கு 90 அல்லது 96 ஆடுகள் விடுதல் அக்காலத்து வழக்கு. அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்றனர். ஆடு சாவாதோ எனின், சாகும். இறந்தவற்றிற்கு ஈடாகக் குட்டிகளை நிரப்பித் தொகை குறையாது காத்தல் ஏற்றுக்கொண்டோர் கடன் என்க. இத்தகைய சிவதருமச் சாசனங்களின் ஈற்றிற் 'பன்மாகேசுவர ரக்ஷை' என்னுந் தொடர் பெரும்பாலுங் காணப்படும். கொடுத்தவன் மறைந்த பின்னர், அவன் அறம் அடியார் திருக்கூட்டத்தின் காவலில் வைக்கப்பட்டது என்பதே அதன் கருத்து.

இக்காவலின் அருமை, அஃது இல்லாதபோது நேர்ந்ததை நோக்குழி நன்கு விளங்கும். அதற்குச் சான்றாவது அதே சென்னைக் கடற்கரையிற் பெரும்பொருள் ஈட்டிய பச்சையப்ப முதலியார் வரலாறு.

1754-இற் பிறந்த பச்சையப்பர் தந்தையை இழந்த ஏழைச் சிறுவராய் வளர்ந்து, துபாஷித் தொழிலாற் பெருஞ்செல்வரானார். 1794 மார்ச்சு 22-ஆம் நாள் மரண சாசனம் எழுதி, ஏறத்தாழ ஒரு லட்சம் வராகனைக் காசி முதலாகிய தலங்களில் வழிபாட்டிற்கும் பிற தருமங்களுக்கும் உரித்தாக்கினார். ஒன்பதாம் நாளாகிய மார்ச்சு 31-இல் திருவையாற்றில் உயிர் நீத்தார். அப்போது அவர்க்கு வயது 40.

சாசனம் இருந்தது, பொருளும் இருந்தது, அறம் மட்டும் நடைபெறவில்லை. வழக்குக்கள் நீண்டன. இந்துக்களின் மரண சாசனங்களை ஒழுங்குபடுத்துஞ் சட்டம் சென்னை நகர்க்கு 1870-இலேதான் வந்தது. முடிவில், அட்வகேட் ஜெனரலாயிருந்த ஹெர்பர்ட் காம்ப்டனும், அவர்க்குப் பின் ஜார்ஜ் நார்ட்டனும் இதனைப் பொது அறமென எடுத்து வாதிட்டனர். சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பால் தருமங்கள் உயிர் பெற்றன. வட்டியாற் பெருகிய மிகுதிப்பொருள் கல்விக்கு ஆயிற்று. 1842 சனவரி 1-ஆம் நாள் பிராட்வேயிற் பள்ளி திறக்கப்பட்டது. அது 1889-இற் கல்லூரியாய் உயர்ந்து, 1940-இற் சேத்துப்பட்டிற்குப் பெயர்ந்தது. எழுதிய நாளுக்கும் பள்ளி திறந்த நாளுக்கும் இடையே கழிந்தன ஏறத்தாழ 48 ஆண்டுகள்.

இறக்கும்போது விடுவதும் ஈகையாமோ எனச் சிலர் வினவுவர். திருவொற்றியூரிற் சமாதி கொண்ட பட்டினத்தடிகள், காதற்ற ஊசியின் குறிப்புணர்ந்து, உயிரோடிருக்கும்போதே செல்வமனைத்தையும் துறந்தார். அதுவே தலையாயது, ஐயமில்லை. எனினும், தனு கரண புவன போகங்கள் யாவும் இறைவன் தந்தனவே என்பது நம் சித்தாந்தத் துணிபு. ஆகலின், 'எனது' என்பதனை ஓரளவேனும் விடுக்கும் எழுத்தாகிய மரண சாசனமும் சிவபுண்ணியத்திற்கு ஒரு வாயிலேயாம்.

அவ்வெழுத்தை நோய்ப்படுக்கை வரை தாழ்த்துதல் கூடாது. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம், எழுதுவோன் கையொப்பத்தோடு, இருவர்க்குக் குறையாத சான்றினர் கையொப்பத்தையும் வேண்டுகின்றது. அறம் இன்னது, பொருள் இவ்வளவு, நடத்துவோர் இன்னார் என்பன ஐயமற விளங்க வேண்டும். எழுதியதைப் பேழையுள் மறைத்து வைத்தலும் ஆகாது. காக்க வேண்டியவர்க்கு அதனை அறிவித்தலும் வேண்டும்.

இவையனைத்தும் எழுதுவோன் கடமை. எஞ்சியது நம் கடமை. பச்சையப்பர் அறம் அழியாது நின்றது, தொடர்பிலாத வேற்று நாட்டார் இருவர் கேட்க வாயெடுத்தமையால் அன்றோ? நம் ஊர்களில் விளக்கு எரியாது கிடக்கும் கட்டளைகள் எத்தனை! பன்மாகேசுவரர் எனப்படுவோர் நாமே. 'இவ்வறம் யாது ஆயிற்று?' எனக் கேட்கும் ஒருவர் ஊர்தோறும் உளராயின், மாய்ந்தோர் எழுதிய சொல் மாயாது நிற்கும்.