ஏறாத தேரும் எய்யாத வில்லும்

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் செல்லும் மலை இரயிலை மக்கள் ‘பொம்மை இரயில்’ என்கின்றனர். 1899இல் குன்னூர் வரையிலும் 1908இல் உதகை வரையிலும் ஓடத் தொடங்கி, 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்ட பாதை அது. தொலைவு 45.88 கிலோமீட்டர், குகைகள் 16. இருப்புப்பாதையின் நடுவே பதித்த பற்சட்டத்தைப் பற்றிக்கொண்டு, பன்னிரண்டரை அடி நகர்வதற்குள் ஓரடி உயரம் ஏறிவிடும் வண்டியைப் பொம்மை என்பது சற்று வியப்பே. பெரியதொன்றைச் சிறியதாக்கிக் கையில் ஏந்திப் பார்க்க விழையும் மனத்தின் வேலை இது. அம்மனம் நமக்குப் புதிதன்று. அதன் பழைய பெயர் சிறுதேர்.

ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதியாக நிற்பது சிறுதேர்ப் பருவம். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, குறுந்தொகையின் 61ஆம் பாடலில் தும்பிசேர் கீரனார் ஒரு சிறுதேரை உருட்டிவிட்டிருக்கிறார். தச்சன் செய்து கொடுத்த அத்தேரில் சிறுவர் ஏறிச் செல்ல இயலாது. ஆயினும் கையால் இழுத்து மகிழ்வர். அதுபோலத் தலைவனை முழுதும் பெறாவிடினும் அவன் நட்பினால் மகிழ்ந்திருக்கிறோம் என்கிறாள் தோழி. பயன்படாப் பொருள் தரும் இன்பம், கிட்டாத உறவுக்கு உவமையாகிறது. விளையாட்டுப் பொருளொன்றின் மேல் இத்துணைப் பெரிய சுமையை ஏற்றிய உவமைகள் சிலவே.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் இருமுறை இத்தேரைக் காட்டுகிறார். பெரும்பாணாற்றுப்படையில் வருவது, தச்சர்தம் சிறுவர்கள் பிறர் கண்டு விரும்புமாறு செய்த தேர். செய்தவரும் சிறார், உருட்டுவோரும் சிறார் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. பட்டினப்பாலையில் வருவது மூன்று கால் தேர். உலரும் நெல்லைக் கவர வரும் கோழியை விரட்டப் பெண்டிர் பொற்குழையைக் கழற்றி எறிய, அக்குழை சிறுவர்தம் தேரின் வழியைத் தடுக்கிறது. புகாரின் செல்வச் செழிப்பைக் காட்ட எழுந்த காட்சி எனவே உரைகாரர் கொள்வர். எனினும், பொன் குறுக்கே கிடந்ததனால் தேர் நின்றது என்பதும் அதே காட்சிதான்.

இதனோடு சூத்திரகரின் மிருச்சகடிகத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பண்டிதமணி கதிரேசச் செட்டியார் ‘மண்ணியற் சிறுதேர்’ எனத் தமிழில் தந்த நாடகம் அது. வறுமையுற்ற சாருதத்தனின் மகன், அடுத்த வீட்டுப் பிள்ளையின் பொன் வண்டியைக் கண்டபின், பணிப்பெண் தந்த மண் வண்டி வேண்டாமென அழுகிறான். மனமிரங்கிய வசந்தசேனை தன் அணிகலன்களைக் கழற்றி மண் வண்டியில் இடுகிறாள். பின்னர் வழக்கு மன்றத்தில் அந்நகைகளே கீழே விழுந்து சாருதத்தன்மேல் கொலைப்பழியை உறுதிசெய்கின்றன. இரு மொழிகளின் இருவேறு படைப்புகளிலும் பொன் வந்து சேரும் இடத்தில் விளையாட்டு முடிந்துவிடுகிறது.

நீலகிரியின் மேட்டுநிலத்தில் இத்தகைய தேர் பிறக்க வழியில்லை. 1819இல் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் மலையேறி, அதன்பின் பாதைகள் போடப்படும்வரை, சமவெளியின் வண்டிகள் அங்குச் செல்ல இயலவில்லை. சக்கரமற்ற அந்நிலத்தில் கையால் செய்து அளிக்கும் சிறுபொருள் வேறு வடிவம் கொண்டது. 1906இல் வெளிவந்த ‘தி தோடாஸ்’ நூலில் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் அதனை விவரிக்கிறார். மனைவி கருவுற்ற ஏழாம் திங்கள் அளவில், தோடர் குலக் கணவன் செடியின் கொம்பை வளைத்து வில்லும், புல்லின் தாளால் அம்பும் செய்து அவளிடம் தருகிறான். அவள் வில்லின் பெயரைக் கேட்கிறாள்; அவன் தன் குலத்துக்குரிய பெயரைச் சொல்கிறான். அவள் அதை நெற்றியில் ஒற்றிக்கொண்டு, மரத்தில் குடைந்த மாடத்து விளக்கை நோக்கியிருக்கிறாள்.

அந்த வில்லால் எதையும் எய்ய இயலாது. ஆயினும் உடன்பிறந்தார் பலர் ஒருத்தியை மணந்த அக்காலச் சமூகத்தில், வில்லைக் கொடுத்தவனே பிறக்கும் குழந்தையின் தந்தை. வேறொருவன் வில் கொடுக்கும்வரை அடுத்தடுத்துப் பிறப்பவையும் அவன் பிள்ளைகளே. அவன் இறந்துவிட்டாலும் அவ்வுரிமை மாறுவதில்லை. தந்தைமைக்கு இரத்தம் சான்றன்று. ஒரு கொம்பும் ஒரு புல்லும், அவற்றைச் செய்து அளித்த கையுமே சான்று.

சமவெளியின் தேரையும் மலையின் வில்லையும் ஒருசேர வைத்துப் பார்க்கையில் ஒன்று தெளிவாகிறது. சிறுபொருளின் மதிப்பு அதன் பயனிலும் இல்லை, பொருளின் விலையிலும் இல்லை. ஒருவர் மற்றொருவருக்காகச் செலவிட்ட பொழுதும் உழைப்புமே அதன் வழியே கைமாறுகின்றன. பள்ளிச் செய்முறைக்கான மாதிரி வண்டியைக் கடையில் வாங்கிப் பிள்ளையின் பெயரை ஒட்டி அனுப்பும் இக்காலத்தில் நாம் இழப்பது கைத்திறனை மட்டுமன்று. கொடுப்பவர் இன்னார் என்று சொல்லும் உறவையும்தான்.

கல்லாறு முதல் குன்னூர் வரையிலான ஏற்றத்தில் மலை இரயிலின் இயந்திரம் பெட்டிகளை முன்னின்று இழுப்பதில்லை, பின்னின்று தள்ளுகிறது. தொடக்கத்தில் அவ்வியந்திரங்கள் அயல்நாட்டிலிருந்து வந்தன. 2021இல் நிலக்கரியால் இயங்கும் புதியதொன்றைத் திருச்சிராப்பள்ளியின் பொன்மலைப் பணிமனையே கட்டி அனுப்பியது. நூற்றாண்டுப் பழமையான ஓர் அமைப்பை அத்தொழிலாளர் தம் கையால் மீண்டும் உருவாக்கினர். பொம்மை இரயில் என்று நாம் சொல்லும்போது அச்சொல்லில் இளக்காரம் வேண்டா. உருட்டுவோர் மகிழத் தேர் செய்த தச்சச் சிறாரின் வழியில் வந்தவர்கள் அவர்கள்.