சுருதி பிசகிய சாட்சி

ஒரே இசை நம் அலமாரியில் இரு வடிவங்களில் இருக்கிறது. ஒன்று, பன்னிரண்டு அங்குல வினைல் தட்டு. உறையின் ஓரங்கள் நைந்து பழுத்துவிட்டன. மற்றொன்று, 1990களின் இறுதியில் வாங்கிய குறுந்தகடு. இரண்டின் முகப்பிலும் டிரம்பெட் ஊதும் அதே மனிதர், மைல்ஸ் டேவிஸ். இரண்டின் பெயரும் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. 1959இல் வெளிவந்த ஜாஸ் இசை அது. ஜாஸ் கேட்கும் வழக்கமில்லாதவர் வீட்டிலும் இந்த ஒரு தட்டு இருக்கும் என்று சொல்வார்கள்.

குறுந்தகடு வாங்கிய புதிதில் ஒருநாள் மாலை, தட்டின் முதல் பக்கத்தைக் கேட்டு முடித்த கையோடு குறுந்தகட்டையும் இயக்கினோம். ஏதோ உறுத்தியது. அதே உருப்படி, அதே வாசிப்பு. ஆயினும் குறுந்தகட்டில் சுருதி மயிரிழை தாழ்ந்தும், நடை சற்றே தளர்ந்தும் ஒலித்தன. நம் இசைத்தட்டுப் பெட்டிதான் விரைந்து சுழல்கிறது என்று முடிவுகட்டி அதன் ரப்பர்ப் பட்டையை மாற்றினோம். கடிகாரத்தை வைத்துக்கொண்டு சுற்றுகளை எண்ணினோம். பெட்டி குற்றமற்றது. பிழை அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே நியூயார்க்கில் நேர்ந்திருந்தது.

அதைச் சொல்லுமுன், ஜாஸ் வரலாற்றுக்கும் தட்டுகளுக்கும் உள்ள உறவைச் சிறிது சொல்ல வேண்டும். ஜாஸ் பெரும்பாலும் வாசிக்கும் கணத்தில் பிறப்பது. மெட்டினை ஏட்டில் எழுதலாம். அதன்மேல் கலைஞன் எழுப்பும் கற்பனையை முன்கூட்டி எழுத இயலாது. ஆகவே இந்த இசையின் வரலாற்றுக்குத் தட்டே முதன்மையான சாட்சி. தட்டில் இடம் பெறாதவன் வரலாற்றின் வாசலிலேயே நின்றுவிடுகிறான்.

நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பினக் கலைஞர் பட்டி போல்டன் அத்தகையவர். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவருடைய கார்னெட் ஒலி அந்நகரை ஈர்த்தது. ஜாஸின் தொடக்கத்தைப் பலரும் அவரிடமே காண்கின்றனர். 1907இல் மனநோயாளர் இல்லத்தில் சேர்க்கப்பட்ட அவர், 1931இல் இறந்தார். அவர் வாசிப்பில் ஒரு நொடிகூட நமக்குக் கிட்டவில்லை. மெழுகு உருளை ஒன்றில் பதிவானதாக எழுந்த செய்தியை நம்பிச் சேகரிப்பாளர்கள் தேடிக் களைத்ததே மிச்சம். முதல் ஜாஸ் தட்டு என்ற பெயரைப் பெற்றதோ, 1917 பிப்ரவரியில் 'ஒரிஜினல் டிக்சிலேண்ட் ஜாஸ் பேண்ட்' என்ற வெள்ளையர் ஐவர் நியூயார்க்கில் பதிந்த தட்டு. அக்குழுவின் தலைவர் நிக் லாரொக்கா பின்னாளில் ஜாஸ் தம்முடைய படைப்பு என்றும், கறுப்பினத்தார்க்கு அதில் பங்கில்லை என்றும் வாதித்தார். அவர் கையில் தட்டு இருந்தது. போல்டனுக்காக எடுத்துக்காட்ட எதுவும் இல்லை.

தட்டு இருந்தாலும் அது முழுவதையும் சொல்வதில்லை. 1923 ஏப்ரல் 5, 6 ஆகிய நாட்களில் கிங் ஆலிவரின் குழு இண்டியானா மாநிலத்து ரிச்மண்ட் நகரில், ஜெனெட் நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் கூடியது. இளைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் முதல் தட்டுகள் அங்குதான் உருவாயின. ஒலிவாங்கி பயன்பாட்டுக்கு வராத காலம்; பெரியதொரு புனலின் முன் நின்று ஊத வேண்டும். ஆம்ஸ்ட்ராங்கின் ஒலி மற்றவர்களை அமிழ்த்தியதால் அவரைத் தொலைவில் நிறுத்தினர் என்று, பியானோ வாசித்த லில் ஹார்டின் பின்னர் நினைவுகூர்ந்தார். முரசின் அதிர்வு மெழுகில் கீறும் ஊசியைத் துள்ளச் செய்யும். ஆதலால் பேபி டாட்ஸ் மரக்கட்டைகளைத் தட்டித் தாளமிட வேண்டியதாயிற்று. அக்குழுவின் முரசொலியைத் தட்டில் மட்டும் தேடுவோர் ஏமாந்து போவர். கூடத்தையொட்டி இருப்புப்பாதை, இரயில் வரும்போதெல்லாம் பதிவை நிறுத்திக் காத்திருந்தனர். அதே நிறுவனம், கறுப்பினத்தாரைப் பகைத்த கூ க்ளக்ஸ் கிளான் இயக்கத்தார் பணம் கொடுத்துப் பதிந்த பாடல்களையும் தட்டுகளாக அச்சிட்டது. ஆம்ஸ்ட்ராங்கும் அவரை வெறுத்தோரும் ஒரே ஆலையிலிருந்து உலகிற்குச் சென்றனர்!

அந்நாளைய 78 சுற்றுத் தட்டுகளின் உடலில் நம் நாட்டுப் பொருளும் கலந்திருந்தது. சோட்டா நாக்பூர்க் காடுகளில் புரசு முதலிய மரங்களின் கிளைகளைப் பற்றியிருக்கும் பூச்சிகளின் சுரப்பே அரக்கு. அதனை அந்நாட்டுப் பழங்குடியினர் சேகரித்தனர். கப்பலேறிய அரக்கு, கற்பொடியோடு கலந்து தட்டாயிற்று. இரண்டாம் உலகப்போரில் அரக்கின் வரத்து தடைப்படவே, 1942இல் அமெரிக்க அரசு அதன் பயன்பாட்டைக் கடுமையாகக் குறைத்தது. பழைய தட்டுகளைத் திரட்டி நொறுக்கிப் புதியனவற்றுக்கு மூலப்பொருளாக்கினர். எத்தனை குரல்கள் அவ்வாறு பொடியாயினவோ! விஸ்கான்சின் மாநிலத்து மரச்சாமான் நிறுவனமொன்றின் கிளையாக இயங்கிய பாரமவுண்ட் இசைத்தட்டு நிறுவனமோ, கறுப்பினக் கலைஞர் பலரைப் பதிந்துவிட்டு 1930களில் தொழிலைக் கைவிட்டது. அதன் மூல உலோக அச்சுகளிற் பெரும்பகுதி பழைய உலோகமாய் விலைபோயிற்று. இன்று அந்த இசை நமக்குக் கேட்கிறதென்றால் அதற்குத் தனி மனிதர்களே காரணர். அவர்கள் 1940கள் தொடங்கித் தென்மாநிலங்களின் கறுப்பினக் குடியிருப்புகளில் வீடு வீடாய்க் கதவு தட்டிப் பழைய தட்டுகள் உண்டா என்று வினவி நடந்தனர். சில காசுகளுக்கு வாங்கிய தட்டுகள் பின்னர்ப் பெரும் விலை பெற்றன. விற்ற குடும்பங்களுக்கு அதில் பங்கில்லை. இந்த நெருடலை மறைக்க நாம் விரும்பவில்லை. ஆனால் அக்கதவுகளை எவரும் தட்டாதிருந்தால் அவ்விசையிற் பல அன்றே மாண்டிருக்கும்.

1948இல் வினைல் நெடுந்தட்டு வந்தது. மூன்று நிமிடத்திற்குள் மூச்சடக்கிய கலைஞர்களுக்குப் பக்கமொன்றில் இருபது நிமிடத்திற்கு மேல் கிடைத்தது. 1982இல் குறுந்தகடு வந்து, தட்டைப் புரட்டும் வேலையையும் நீக்கியது. அந்த வேலை நமக்குப் பிடித்திருந்தது என்பது வேறு செய்தி.

இனி, 1959 மார்ச் 2ஆம் நாளுக்கு வருவோம். நியூயார்க் முப்பதாம் தெருவில், முன்னர்க் கிறிஸ்தவ ஆலயமாய் இருந்த உயர்ந்த கட்டடமொன்றைக் கொலம்பியா நிறுவனம் ஒலிப்பதிவுக் கூடமாக்கியிருந்தது. அங்கே டேவிஸும் ஜான் கோல்ட்ரேனும் பில் எவன்ஸும் பிறரும் மூன்று உருப்படிகளை வாசித்தனர். அன்று முதன்மைப் பதிவுக் கருவி சற்றே மெதுவாக ஓடியது. மெதுவாக ஓடிய நாடாவைச் சரியான வேகத்தில் ஒலிக்கவிட்டால் இசை விரையும், சுருதி ஏறும். எவரும் கவனிக்கவில்லை. அம்மூன்றும் தட்டின் முதல் பக்கம் முழுவதையும் நிறைத்தன. முப்பதாண்டுக்கு மேலாக உலகம் ஏறிய சுருதியிலேயே அவற்றைக் கேட்டது. தட்டுடன் சேர்ந்து வாசித்துப் பயின்ற இளங்கலைஞர்கள் தம் கருவியைச் சற்றுத் திருத்திக்கொள்ள நேர்ந்தது. குறை தம்முடையது என்றே பலர் எண்ணியிருப்பர், நாம் ரப்பர்ப் பட்டையைப் பழித்தது போல.

அன்று பாதுகாப்புக்கென இரண்டாவது கருவியொன்றும் ஓடியிருந்தது. அதன் நாடா சரியான வேகத்தில் இருந்தது. அதனைக்கொண்டு திருத்திய பதிப்பு 1992இல் குறுந்தகடாக வந்தது. ஏடுகளை ஒப்புநோக்குவோர் பாடபேதம் என்று குறிப்பார்களே, இது ஒலியின் பாடபேதம். தொடக்கத்தில் அச்சான தட்டுகளிலோ எழுத்துப் பிழைகளும் உண்டு. இரண்டாம் பக்கத்து உருப்படிகள் இரண்டின் பெயர்களும் இடம் மாறி அச்சாயின.

இவற்றில் எது மெய்? அவர்கள் வாசித்தது குறுந்தகட்டில் இருக்கிறது என்பதில் நமக்கு ஐயமில்லை. வாசித்தவர்க்கு நாம் கடன்பட்டவர்கள். ஆயினும் நம் இளமையில் நெஞ்சில் ஊறியது ஏறிய சுருதி. திருத்திய இசை நம் காதுக்கு இன்னும் ஒரு கணம் அயலாகவே தோன்றுகிறது. தட்டுகளை நம்மிலும் அதிகம் சேர்த்த மூத்த நண்பர் ஒருவர் குறுந்தகட்டைத் தொடவே மறுத்துவிட்டார். "அது உண்மையாக இருக்கட்டும், எனக்குப் பழக்கமில்லை" என்றார். அவரோடு வாதிட நமக்கு மனம் வரவில்லை.

இரண்டாம் பக்கம் ஏப்ரல் 22ஆம் நாள் பதிவானது. அன்று கருவி சரியாக ஓடியது. தட்டைப் புரட்டி, தூசி துடைத்து, ஊசியை வைத்தோம். அது முடிந்ததும் குறுந்தகட்டில் அதே உருப்படியை இயக்கினோம். இரண்டும் ஒரே சுருதியில் நின்றன.