விடைகளின் வரிசை

கணனியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வேகத்தின் வரலாற்றையே எழுதுகின்றனர். பல வேலைகளை ஒருங்கே செய்யும் பொறியை அமைத்தல் அத்துணை அரிதன்று. பிந்தித் தொடங்கிய வேலை முந்தி முடியுங்கால் அதன் விடையை உரியவரிடம் சேர்ப்பித்தலே அரிது. சங்கக்கடை வரிசையில் முதல் நிற்பவர் கேட்ட பொருள் பின்புறக் களஞ்சியத்தில் இருப்பதாகக் கொள்வோம். கொடுப்பவர் ஒருவராயின் வரிசை முழுவதும் காத்துநிற்கும். ஐவராயின் பொருள்கள் முறைமாறி வரும். எது எவருடையது என்னும் வினா அப்பொழுது பிறக்கின்றது.

அடிக்கடி வேண்டப்படுவதை அண்மையில் வைத்திருக்கும் எண்ணத்தைக் கேம்பிறிட்ஜ் அறிஞர் மொறிஸ் வில்க்ஸ் 1965 இல் ‘அடிமை நினைவகம்’ என்னும் உவப்பற்ற பெயரால் எடுத்துரைத்தார். ஈராண்டின் பின்னர், ஐ.பி.எம். 360/91 என்னும் கணனியில் றொபேட் தொமசூலோ ஒவ்வொரு விடைக்கும் ஓர் அடையாள எண்ணை இட்டார். விடைகள் எம்முறையில் வரினும், காத்திருக்கும் உறுப்பு தன் எண்ணைக் கண்டு தன்னுடையதை எடுத்துக்கொள்ளும். ஆயினும் இடையே பிழை நேரின், எக்கட்டளை வரை முடிந்தது என்று திட்டமாகக் கூற இயலாதாயிற்று. 1985 இல் ஜேம்ஸ் சிமித்தும் அன்ட்ரூ பிளெஸ்குனும் மற்றொரு வழி காட்டினர்: வேலை எம்முறையிலும் முடியலாம், முடிவு வெளிப்படுவது மட்டும் வந்த வரிசையிலேயே ஆகவேண்டும். இவ்விரு வழிகளையும் பிலானியிற் பயின்ற குரிந்தர் சோகியும் சிறீராம் வாஜபேயமும் 1987 இல் ஒருங்கிணைத்தனர்.

பிற்காலத்து வழங்கிகள் இதே இரு வழிகளையே மீண்டும் கண்டன. 2003 இல் பிராட் பிற்ஸ்பற்றிக் ஆக்கிய மெம்கேஷ்ட் என்னும் சேமிப்பு வழங்கி, ரி.சி.பி. இணைப்பில் எழுத்துவடிவாக வரும் வினாக்களுக்கு வந்த வரிசையிலேயே விடை தரும். யூ.டி.பி. வழி வரும் வினாவிலோ கேட்பவர் இட்ட 16 பிற்று எண் ஒன்றுண்டு. வழங்கி அதனை மாற்றாது திருப்பியனுப்பும். தொமசூலோவின் அடையாள எண்ணுக்கு இது நெருங்கிய உறவு என்க.

2013 இல் மிக்கேலா புளொட் குழுவினர், சுற்றினை வேண்டியவாறு மாற்றியமைக்கத்தக்க எப்.பி.ஜி.ஏ. சில்லில் இவ்வழங்கியை அமைத்து, 10 கிகாபிட்டு இணைப்பின் முழுவேகத்தையும் எட்டினர். வினாவைப் பிரித்தல், இடந்தேடல், மதிப்பை எடுத்தல், விடை தொகுத்தல் என்னும் படிகளில் ஒரேவேளையில் வெவ்வேறு வினாக்கள் நிற்கும், ஒன்றையொன்று முந்தா. ஒருங்கியங்கலும் வரிசையும் இங்குப் பகையாகவில்லை. எனது எண்ணத்தில் இவ்வமைப்பின் சிறப்பு வேகத்தினும் இதுவே.

இவ்விணக்கம், எல்லா மதிப்புகளும் ஏறத்தாழ ஒரே காலத்திற் கிடைக்கும்வரைதான். அதே குழு 2015 இல் 40 தெராபைற்று அளவை எட்டும் பொருட்டுப் பிளாஷ் நினைவகத்தையும் சேர்க்கும் அமைப்பொன்றை வெளியிட்டது. பிளாஷ், சாதாரண நினைவகத்தினும் பன்னூறு மடங்கு தாமதமானது. அத்தகைய கலப்பில் வரிசையைக் காத்தால் விரைந்தவை வீணே நிற்கும். எண்ணிட்டு அனுப்பின் நிற்கவேண்டியதில்லை.

ஆனால் எண் எல்லாவற்றையும் தீர்ப்பதில்லை. மாணவனொருவனின் புள்ளியை 45 இலிருந்து 54 ஆகத் திருத்தும் வேண்டுகோளும், அதனையடுத்து அப்புள்ளியைக் கேட்கும் வினாவும் வருகின்றன. இரண்டாவது முந்திவிடின், விடை உரியவரிடமே சேரும். ஆயின் அவர் பெறுவது 45. ஆகவே ஒரே பெயர்ச்சாவியைத் தொடும் வேண்டுகோள்களை மட்டுமேனும் சுற்று நிறுத்திவைத்து வந்த வரிசையில் விடுதல் வேண்டும்.